ஈட்டிக் கட்டில், கடைசல் கால், பிரம்பு கசேரை: 19-ஆம் நூற்றாண்டு மரச்சாமான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போதோ சொத்து பாகம் வைக்கும்போதோ பரணிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் கறுத்துப்போன கட்டில், அலமாரி, கசேரை (நாற்காலி) எல்லாம் வெளியே வரும். அதை என்ன செய்வது, எப்படிப் பழுது பார்ப்பது, எதைச் செய்யவே கூடாது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

எங்கள் வீட்டுச் சாமான் எந்த வகையைச் சேர்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூரோடும், அதன்பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அதனால் இங்குள்ள பழைய சாமான்களில் இரண்டு வகை கலந்து கிடக்கின்றன.

ஒன்று நாட்டு வகை: கட்டில், பெட்டகம், ஊஞ்சல் பலகை, நெல் போட்டு வைக்கும் பத்தாயம். இவற்றில் செதுக்கு வேலை குறைவு, தடியின், அதாவது மரத்தின், கனம் அதிகம். நாஞ்சில்நாட்டுப் பத்தாயம் பெரும்பாலும் பலாவிலும் அயனியிலும் செய்தது. மற்றது ஐரோப்பிய மாதிரி பார்த்துச் செய்தது: கைப்பிடி வைத்த கசேரை, சோபா, கண்ணாடி வைத்த அலமாரி, வட்ட மேசை, நீளக் கைப்பிடியில் காலைத் தூக்கிப் போட்டுச் சாயும் நாற்காலி. 1818 முதல் நாகர்கோவிலில் இருந்த லண்டன் மிஷன் பாதிரியார்களின் பங்களாக்கள், 1860-களில் அசம்பு மலையில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்கள், திருவனந்தபுரம் அரண்மனையோடு தொடர்புள்ள குடும்பங்கள், இவர்கள் வழியாக அந்த மாதிரிகள் ஊருக்குள் பரவின.

சாமான்களின் பெயர்களே இதற்கு முந்தைய வரவையும் சொல்லும். மேசை, அலமாரி, சாவி, ஜன்னல், இங்கே நாம் சொல்லும் கசேரை, எல்லாம் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொற்கள். கட்டிலுக்கும் பெட்டிக்கும் மட்டும் நம் பெயரே நின்றுவிட்டது. வெளியூர்க்காரர் வந்து தரவேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை.

ஏன் இவ்வளவு செதுக்கு வேலை? வெறும் அழகுக்காகவா?

அழகும் உண்டு. ஆனால் அன்றைக்குப் பார்த்தவர்கள் அதில் முதலில் படித்தது செல்வத்தை.

நடு 19-ஆம் நூற்றாண்டு நாற்காலி ஒன்றின் முன்காலைப் பாருங்கள். முழங்காலிடம் வெளியே புடைத்து, கணுக்காலிடம் உள்ளே ஒடுங்கி, பாதத்தில் மறுபடி விரியும். அந்த வளைவை ஒட்டுப் போடாமல் எடுக்க, கண்ணுக்குத் தெரியும் காலைவிட இரண்டு மூன்று மடங்கு கனமான கட்டை வேண்டும். மிச்சமெல்லாம் சீவலும் துண்டுமாகக் கீழே போகும். அந்தக் கட்டை ஈட்டி மரமாக (ரோஸ்வுட்) இருந்தால் இன்னும் பெரிய விஷயம், ஏனென்றால் திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் நான்கும் அரசுக்கு உரிய மரங்கள். தன் நிலத்திலேயே நின்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. ஆகவே ஒரு வளைந்த ஈட்டிக் கால் என்பது மரம் வாங்கும் வசதி, அதில் பாதிக்கு மேல் கழித்துவிடும் துணிச்சல், பல நாள் கூலி கொடுத்து ஆசாரியை வீட்டில் வைத்துக்கொள்ளும் நிலை, மூன்றையும் சேர்த்துக் காட்டியது.

இந்த எண்ணத்தின் உச்சி திருவிதாங்கூரின் யானைத் தந்தச் சிம்மாசனம். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா அதை விக்டோரியா அரசிக்குப் பரிசாக அனுப்பினார். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. பின்னால் இந்தியாவின் பேரரசி என்ற பட்டம் ஏற்றபோது அரசி அதில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். ஒரு நாற்காலியை வைத்தே ஒரு சமஸ்தானம் தன் வளத்தையும் கைவேலையையும் கடல் தாண்டிச் சொல்ல முடிந்தது.

இதில் மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே காலத்துத் தென் திருவிதாங்கூரில் யார் குடை பிடிக்கலாம், யார் செருப்பு போடலாம், யார் பொன்நகை அணியலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. மேலாடை அணியும் உரிமைக்கே பல்லாண்டு போராடி 1859 ஜூலையில்தான் அரச அறிவிப்பு வந்தது. உட்காருவதே ஓர் அந்தஸ்தாக இருந்த காலத்தில் செதுக்கிய கசேரை வெறும் சாமான் அல்ல. அதைச் செய்த ஆசாரி அதில் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே அந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனையில் இதைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் அங்குள்ளவற்றில் பெரும்பகுதி அதற்கும் மூத்தது. 1795 வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 19-ஆம் நூற்றாண்டு ஆசாரிகளின் கை எங்கே பழகியது என்பதை அங்கே காணலாம். பூமுகம் என்ற வாசல் மண்டபத்தின் மரக்கூரையில் 90 வகைப் பூக்கள். தாய்க்கொட்டாரத்து ஏகாந்த மண்டபத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண். டச்சுக்காரர் தந்ததாகச் சொல்லும் மூலிகை மரக்கட்டில். சீனத்து நாற்காலி. அந்தப் பலாத்தூணில் மேலிருந்து கீழே விரலளவு இடம்கூடச் சும்மா விடவில்லை, ஆனாலும் தூணின் நேர்கோடு எங்கும் கலையவில்லை. செதுக்கு வேலையின் தரத்தை அளக்க அதுவே நல்ல அளவுகோல்.

திங்கட்கிழமை விடுமுறை. 1840-களின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகைக்குப் போங்கள்.

தடியை எப்படி அடையாளம் காண்பது? எல்லாமே கறுப்பாக இருக்கிறதே.

மேல்நிறத்தை நம்பாதீர்கள். நூறு வருஷப் புகையும் அரக்கும் பலாவைக்கூட ஈட்டி மாதிரி காட்டும். இழுப்பறையின் உள்பக்கம், இருக்கைச் சட்டத்தின் அடி, அலமாரியின் முதுகு, இப்படிப் பாலிஷ் படாத இடத்தில் பாருங்கள்.

ஈட்டி ஊதா கலந்த பழுப்பு, அதில் கறுப்பு வரிகள் ஓடும். கன அடிக்கு ஏறக்குறைய 24 கிலோ. தேக்கு பொன்பழுப்பு. கையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், சீவினால் தோல் வாசம் வரும். கன அடிக்கு 18 கிலோ அளவு. பலா புதிதில் மஞ்சள், வருஷம் ஆக ஆகச் செம்பழுப்பாக மாறும். அயனி அதைப்போலவே இருக்கும், கொஞ்சம் நீளமான நரம்பு. வேங்கையை நனைத்த துணியால் துடைத்தால் துணியில் மஞ்சள் கறை ஏறும்.

நாற்காலியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பதே எளிய சோதனை. ஈட்டி என்று சொல்லி விற்கும் நாற்காலி சுலபமாகத் தூக்க வந்தால் அது சாயம் ஏற்றிய வேறு தடி.

உண்மையிலேயே பழையதா என்று எங்கே பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தை விடுங்கள், சாமானைக் கவிழ்த்துப் போடுங்கள். செதுக்கு வேலை சொந்தக்காரரின் பணத்தைக் காட்டும். ஆசாரியின் திறமை இருப்பது அடியிலும் முதுகிலும் இணைப்பிலும். வயதும் அங்கேதான் எழுதியிருக்கும்.

இணைப்பு: கால் மேல் சட்டத்தில் சேரும் இடத்தில், சட்டத்தின் முனையில் நாக்கு விட்டுக் காலில் குழி தோண்டி இறக்கி, குறுக்கே மரமுளை அடித்திருப்பார்கள். நூறு வருஷத்தில் காலின் மரம் சுருங்கியிருக்கும், முளை சற்று வெளியே துருத்தும். விரல் வைத்துத் தடவினால் தெரியும். இழுப்பறை மூலையில் புறாவின் வால் போல விரிந்த பற்களைக் கோத்த இணைப்பு ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசமாக இருந்தால் கையால் வெட்டியது. எல்லாம் ஒரே அளவானால் இயந்திரம்.

ரம்பத் தடம்: மறைவுப் பலகையில் நேர்கோடாக, சற்று மாறி மாறி ஓடும் தடம் கைவாளின் தடம். வில் மாதிரி வளைந்த தடம் வட்ட ரம்பத்துடையது.

திருகாணி: முனை மழுங்கி, தலையின் வெட்டு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. கூர்முனைத் திருகாணி அந்த நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. கூட்டல்குறித் தலை 1930-களுக்குப் பிறகு. ஆனால் ஒரு திருகாணியை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், பழுது பார்த்தவர் மாற்றியிருக்கலாம். கம்பியாணி, பிளைவுட் முதுகு இருந்தாலும் அப்படியே: முதலில் அது பின்னால் சேர்த்ததா என்று பாருங்கள்.

தேய்மானம்: இயல்பான தேய்மானத்துக்குக் காரணம் இருக்கும். கைப்பிடியின் முன்முனை, கால் வைக்கும் குறுக்குச் சட்டத்தின் மேல்பக்கம், இழுப்பறை ஓடும் தடம் ஆகியவை தேயும். கை படவே படாத பின்கால் வெளிப்பக்கம் வரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது தேய்த்துப் பழசாக்கியது.

கணினி இயந்திரத்தில் செதுக்கிய நகலைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இரண்டு பக்கமும் ஒரே பூ வரும் இடத்தில் ஒரு தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள், அதை அடுத்த பக்கத்துப் பூவின் மேல் வையுங்கள். கைவேலை என்றால் எங்காவது ஒரு இதழ் விலகும். அச்சுப்போல் பொருந்தினால் இயந்திரம். இலைகள் சந்திக்கும் உள்மூலையையும் பாருங்கள். உளி அங்கே கூர்மையாக முடிக்கும். சுழலும் அலகால் கூர்மூலை வெட்ட முடியாது, உருண்டுதான் நிற்கும். பின்புலத்தில் சீப்பால் வாரியது போல மெல்லிய இணைகோடுகள் இருந்தாலும் அது இயந்திரமே.

செதுக்கும் இயந்திரம் இன்றைய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஜோர்டான் என்பவர் 1845-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார், லண்டன் நாடாளுமன்றக் கட்டட வேலைக்கு அது பயன்பட்டது. வியன்னாவின் தோனே நிறுவனம் 1859-இல் விற்கத் தொடங்கிய 14-ஆம் எண் நாற்காலி செதுக்கலையே விட்டுவிட்டது. பீச் மரக்கம்பியை ஆவியில் வளைத்து, 6 மரத்துண்டும் 10 திருகாணியும் 2 மரையும் வைத்து ஒரு நாற்காலி. பிரித்து அடுக்கினால் 36 நாற்காலி ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடங்கும். நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் வளைகம்பி நாற்காலி கிடைக்கும். அது கைச்செதுக்கு இல்லையே என்று ஒதுக்காதீர்கள். அதுவும் அதே நூற்றாண்டின் திறமைதான், வேறு வகை.

பழைய பாலிஷைச் சுரண்டிப் புதுசாக்கலாமா?

கூடாது என்பதே எங்கள் பதில். பத்தில் ஒன்பது சாமானுக்கு அது தேவையே இல்லை.

உப்புத்தாள் போட்டால் முதலில் போவது செதுக்கலின் கூர்மை. இலையின் நரம்பு அரை மில்லி உயரம்தான் இருக்கும், 80-ஆம் எண் தாள் நாலு இழுப்பில் அதைத் தின்றுவிடும். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுப்பது இன்னும் மோசம். தேக்கு கறுக்கும், இணைப்பிலுள்ள வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) கரையும், ஆறு மாதத்தில் நாற்காலி ஆடத் தொடங்கும்.

முதலில் அழுக்கை மட்டும் எடுங்கள். உலர்ந்த பெயின்ட் பிரஷால் செதுக்கலுக்குள் தூசி தட்டுங்கள். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் நாலைந்து சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, அதில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஓரடி ஓரடியாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். குழிகளுக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி போதும். கறுப்பு முழுதும் பாலிஷ் அல்ல, பாதி விளக்குப் புகையும் கைப்பிசுக்கும் என்பது அப்போது தெரியும்.

எந்தப் பூச்சு என்று அறிய, மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து அரை நிமிஷம் கழித்து விரலால் தொடுங்கள். ஒட்டினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் பின்னால் அடித்த லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரிதேன் வகை.

அரக்கு பாலிஷ் வீட்டில் போட முடியுமா? அளவும் முறையும் என்ன?

முடியும், பொறுமை வேண்டும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் செதில் அரக்கு. கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு நாள் வைத்து, அவ்வப்போது குலுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டப்பாவில் வைத்தால் கறுத்துவிடும். கரைத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆனதை ஒரு சொட்டு கண்ணாடியில் விட்டுப் பாருங்கள், அடுத்த நாளும் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள். அது சாமானிலும் காயாது.

எலுமிச்சை அளவு பஞ்சை, துவைத்த பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிப் பொட்டலமாகக் கட்டுங்கள். அரக்கு பஞ்சுக்குள் போக வேண்டும், துணி வழியாகக் கசிய வேண்டும். பலகையில் இறங்கும்போதும் ஏறும்போதும் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நின்றால் ஸ்பிரிட் கீழிருக்கும் பூச்சைக் கரைத்து வடு போட்டுவிடும். முதலில் நரம்போடு நேராக, பிறகு சிறு வட்டம், பிறகு எட்டுப் போடுவது போல, கடைசியில் மறுபடி நேராக. பொட்டலம் இழுத்தால் அடியில் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். ஒரு நாளைக்கு மூன்று நான்கு கைக்கு மேல் வேண்டாம். மறுநாள் மறுபடி. முடிவில் எண்ணெயை எடுக்க, ஸ்பிரிட் லேசாகத் தொட்ட புதுப் பொட்டலத்தால் ஒரு தடவு.

செதுக்கலுக்குள் பொட்டலம் போகாது. அங்கே மென்மையான பிரஷால் பாதி நீர்த்த அரக்கை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. குழியில் தேங்கினால் கண்ணாடி மாதிரி மின்னும், செதுக்கல் செத்துப்போகும்.

இங்கே அடிக்கடி கெடுவது மூன்று இடத்தில். ஒன்று, மழைக்காலத்தில் போடுவது. ஈரக்காற்றில் ஸ்பிரிட் ஆறும்போது பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். குமரிக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், அதிலும் வெயில் ஏறிய பிறகு. இரண்டு, நரம்புத் துளையை அடைக்கச் சாக்குப்பொடி பூசுவது. கொஞ்ச நாளில் ஈட்டியின் கறுப்பில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நுரைக்கல் பொடியும் அரக்கும் சேர்த்துத் தேய்த்தால் அந்தத் தொல்லை இல்லை. மூன்று, எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடுவது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானே பற்றி எரியும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் பூசினால் நல்லதா?

வேண்டாம். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகும் இனம் அல்ல. பூசிய அன்று பளபளக்கும், பிறகு பிசுக்காக நின்று தூசியைப் பிடிக்கும், சிக்கு வாடை வரும். தேன்மெழுகும் டர்பன்டைனும் எடைக்கு எடை சேர்த்து, தீயில் காட்டாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கி, ஆறியபின் வருஷத்துக்கு ஒரு தடவை மெல்லியதாகத் தேய்த்தால் போதும்.

நாற்காலி ஆடுகிறது. ஆணி அடிக்கலாமா?

ஆணி நாக்கைப் பிளக்கும், துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கும். அடுத்த முறை ஆசாரி பிரிக்கவே முடியாது.

ஆடும் இணைப்பைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் மறைவாகப் பென்சிலால் எண் போடுங்கள். முளை இருந்தால் முதலில் அதை எடுங்கள். இணைப்பில் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைமணி விட்டால் பழைய வச்சிரம் இளகும். இரும்புச் சுத்தியல் கூடாது, கொட்டாப்புளியால் இடையில் ஒரு துணித்துண்டு வைத்துத் தட்டுங்கள். பழைய பசையை வெதுவெதுப்பான நீரால் முழுக்கத் துடையுங்கள், நாக்கைச் செதுக்கிவிடாதீர்கள், ஏற்கெனவே தளர்ந்த பொருத்து இன்னும் தளரும். நாக்கு மெலிந்திருந்தால் அதே தடியில் மெல்லிய சீவல் ஒட்டிக் கனம் கூட்டுங்கள்.

பசைக்கு இன்றும் வச்சிரமே சிறந்தது. குருணை வச்சிரம் ஒரு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒன்றரைப் பங்கு, இரவு முழுதும் ஊறட்டும். பிறகு பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்குங்கள். கொதித்தால் பிடிப்பு போய்விடும். சூடாகப் பூசி, ஆறும் முன் சேர்த்து, காலைச் சுற்றி இரட்டைக் கயிறு கட்டி நடுவில் குச்சி விட்டு முறுக்கி இறுக்குங்கள். சமதரையில் நான்கு காலும் ஊன்றுகிறதா என்று அப்போதே பாருங்கள், ஒரு நாள் அசைக்காதீர்கள். வெள்ளைப் பசையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் பிரிக்கும்போது வச்சிரம் வெந்நீருக்கு இளகிக் கொடுக்கும், வெள்ளைப் பசை மரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும்.

கசேரையில் பிரம்பு அறுந்துவிட்டது. பிளாஸ்டிக் வயர் போடலாமா?

ஓரம் முழுக்கச் சின்னச் சின்னத் துளை இருந்தால் அது கையால் பின்னியது, பிரம்பே போடுங்கள். துளை இல்லாமல் ஓரத்தில் பள்ளம் மட்டும் இருந்தால் பின்னிய பிரம்புத் தாளைப் பள்ளத்தில் அழுத்திக் குச்சி அடித்த வகை, அது சுலபமான வேலை.

துளைப் பின்னலுக்கு: பழைய பிரம்பை வெட்டி எடுத்து, அடைத்த துளைகளைக் கம்பியால் தட்டித் திறக்கவும், துளைப்பான் போட்டுப் பெரிதாக்கக் கூடாது. துளைகள் பெரும்பாலும் அரை அங்குல இடைவெளியில் இருக்கும். பிரம்பு இழையை கால் மணி முதல் அரைமணி நேரம் நீரில் ஊறவைக்கவும், மேல் பக்கம் பளபளப்பு வரும்படி பிடிக்கவும். முதல் சுற்று முன்னிருந்து பின்னாக. இரண்டாவது குறுக்கே, அதன் மேலேயே. மூன்றாவது மறுபடி முன்பின்னாக, முதல் இழைக்குச் சற்று வலமாக. நான்காவதுதான் பின்னல்: குறுக்கே போகும் இழை ஒன்றன் மேலும் மற்றதன் கீழும் நுழையும். ஐந்தாவதும் ஆறாவதும் மூலைவாட்டம், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில். இப்போது எண்கோணக் கண்கள் தெரியும். கடைசியில் அகலமான இழையால் துளை வரிசையை மூடி ஓரம் கட்டவும்.

முதல் மூன்று சுற்றில் இழுத்துக் கட்டிவிடுவதுதான் வழக்கமான பிழை. பிரம்பு காயும்போது சுருங்கும். முதலிலேயே முறுக்கேறி நின்றால் மூலைவாட்ட இழை நுழையாது, நுழைத்தாலும் உட்கார்ந்த நாளில் அறும், சில நேரம் துளை வரிசையோடு சட்டமே பிளக்கும். விரலால் அழுத்தினால் சற்றுத் தாழும் அளவில் தொடங்குங்கள், கடைசிச் சுற்று வரும்போது தானே இறுகிவிடும். மூலைவாட்ட இழை எப்பக்கம் மேலே, எப்பக்கம் கீழே என்பதை முதல் வரிசையில் பார்த்துச் சரி செய்யுங்கள். தவறாகப் போனால் ஒவ்வொரு கண்ணிலும் இழை உராயும், இழுக்கும்போதே கரகரக்கும்.

அறாமல் தொய்ந்து மட்டும் போயிருந்தால் புதிதாகப் பின்ன வேண்டாம். கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணி போட்டு நனைத்து, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். பெரும்பாலும் இறுகிவிடும்.

மாவு கொட்டுகிறது. கறையானா, வண்டா?

மண் பாதை இருந்தால் கறையான். 1 முதல் 2 மில்லி துளையும் அதன் கீழே பவுடர் போன்ற மாவும் இருந்தால் உளு வண்டு. அது மரத்தின் வெளிப்பாகமான வெள்ளைத்தடியில்தான் அதிகம் விழும், வைரம் பாய்ந்த ஈட்டி, தேக்குப் பக்கம் பொதுவாகப் போகாது. மாவைத் துடைத்துக் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் புது மாவு விழாவிட்டால் பழைய துளைதான், மருந்து தேவையில்லை. விழுந்தால் மரத்துக்கென விற்கும் எண்ணெய்க் கரைசல் மருந்தை ஊசியால் துளைகளில் ஏற்றி, பாலித்தீன் தாளில் சுற்றி மூன்று நாள் வைக்கவும். வீட்டுக்கு வெளியே, கையுறையும் முகமூடியும் போட்டுச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் அப்போதைக்குக் கொல்லும், தங்கி நிற்காது.

ஏசி போட்ட பிறகு மேசைப் பலகை வெடித்துவிட்டது. ஏன்?

மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் அசையும். ஓரடி அகலத் தேக்குப் பலகையின் ஈரம் 4 சதவீதம் குறைந்தால் ஏறக்குறைய 2 மில்லி சுருங்கும். பழைய ஆசாரிகள் அதற்காகத்தான் பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் ஒட்டாமல் மிதக்கவிட்டார்கள். பின்னால் யாரோ அதை ஆணியடித்து அல்லது பசை போட்டு நிறுத்தியிருப்பார்கள், போக இடமில்லாமல் பலகை வெடித்திருக்கும். வெடிப்பில் மக்கு அடைக்காதீர்கள், மழைக்காலத்தில் மரம் விரியும்போது மக்கு பக்கத்தை இடித்து அடுத்த வெடிப்பைத் திறக்கும். முதலில் ஆணியை எடுங்கள். வெடிப்பு ஒரு வருஷம் கழித்தும் அப்படியே நின்றால் அதே தடியில் மெல்லிய ஆப்பு சீவி ஒட்டலாம்.

ஏசிக் காற்று நேரே படும் இடமும் மேற்கு வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். குளச்சல், முட்டம் போலக் கடலோர வீடுகளில் உப்புக்காற்று இரும்புத் திருகாணியை அரிக்கும், பித்தளை போடுங்கள். பித்தளை மென்மையானது: துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியால் பாதை வெட்டி, பிறகு மெழுகு தேய்த்த பித்தளையைத் திருப்பினால் தலை முறியாது.

பித்தளைப் பூண், சலவைக்கல் மேற்பலகையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பித்தளையை மரத்திலிருந்து கழற்றித் தேய்த்தால் சரி. மரத்திலேயே இருக்கும்போது புளி பட்டால் சுற்றிலும் கறை. சலவைக்கல்லில் புளி, எலுமிச்சை, மோர் எதுவும் கூடாது. அமிலம் கல்லையே தின்னும், பளபளப்பு திரும்பாது.

தந்தம் பதித்த பெட்டி இருக்கிறது. விற்கலாமா?

விற்க முடியாது. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்திய யானைத் தந்த வணிகம் 1986-லும், ஆப்பிரிக்கத் தந்த வணிகம் 1991-லும் தடை செய்யப்பட்டன. பரம்பரையாக வந்தது என்றால் வைத்திருப்பதற்கான சான்று பற்றி வனத்துறையில் கேளுங்கள். பதித்தது தந்தம்தானா என்று முதலில் பாருங்கள். பூதக்கண்ணாடியில் சிறு கறும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. குறுக்குவெட்டில் வலை போல ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் இருந்தால் தந்தம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாமா?

நூறு வருஷத்துக்கு மேற்பட்டது 1972 தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள் ஆகும், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. நூறு ஆகாத ஈட்டிச் சாமானுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. 2017 ஜனவரி முதல் ஈட்டி இனம், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், ஏற்றுமதிக்கு முன் உரிய ஆவணம் வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாகம் பிரிக்கும்போது பெரிய அலமாரியையும் கட்டிலையும் எப்படிக் கொண்டுபோவது?

அறுக்காதீர்கள். வாசல் வழியாக உள்ளே வந்தது அதே வாசல் வழியாக வெளியே போகும். பழைய பெரிய அலமாரி பெரும்பாலும் தலைப்பகுதி, உடல், அடிப்பீடம் என மூன்றாகப் பிரியும். உள்ளே மர ஆப்போ நீளத் திருகாணியோ இருக்கும். கட்டிலின் சட்டம் காலில் சேரும் இடத்தில் சிறு மரமூடி இருந்தால் அதை நகர்த்துங்கள், பின்னால் போல்ட் தலை தெரியும். காலிலும் சட்டத்திலும் உளியால் வெட்டிய கோட்டுக்குறி இருக்கிறதா பாருங்கள். ஒரு கோடு ஒரு கோட்டோடு, மூன்று கோடு மூன்று கோட்டோடு சேர வேண்டும். ஒவ்வொரு பொருத்தும் அதற்கென்றே வெட்டியது, மாற்றி மாட்டினால் இறங்காது, அடித்து இறக்கினால் கால் பிளக்கும். நாற்காலியைக் கைப்பிடியில் தூக்காமல் இருக்கைச் சட்டத்தில் பிடித்துத் தூக்குங்கள். கழற்றிய திருகாணி, சாவி, உடைந்து விழுந்த செதுக்குத் துண்டு எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு அந்தந்தச் சாமானிலேயே கட்டிவிடுங்கள். ஒரு இலைத்துண்டு தொலைந்தால் அதே தடியைத் தேடி, அதே நரம்புப் போக்கில் ஒட்டி, பிறகு செதுக்கிச் சேர்க்க ஆசாரிக்கு ஒரு முழு நாள் ஆகும்.